ஊறப்போட்ட கோடாலி

பெயர் சொர்ணவல்லி, வயது நாற்பத்தொன்று, கணவர் பெயர் மதுரைவீரன். இருப்பது புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டம், புங்கம்பட்டி கீழத்தெரு. தொழில் தைல மரக் காட்டில் கூலி வேலை. இன்று வெள்ளிக்கிழமை காலை போலீஸ் நிலையத்தில் ஆஜராகி, விசாரணை அதிகாரி கேட்க, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. பெயர் உதயசூரியன், வயது முப்பத்தாறு. அதே ஊரில் மேலத்தெருவில் இருக்கிறான். தைல மரக் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்து வெட்டி, காகித ஆலைக்கு லோடு அனுப்பும் மேஸ்திரி அவன். அவனிடம்தான் என் கணவர் மரம் வெட்டுகிறார், நான் வெட்டிய கிளைகளை இழுத்து அடுக்குகிறேன். இந்த வழக்கில் மண்டையில் அடிபட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடப்பவன் என் தம்பி. கொலை செய்யப் பார்த்தார் என்று நேற்று முதல் இந்த நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர் என் கணவர். புகார் கொடுத்திருப்பவள் என் தம்பி மனைவி வனிதா. ஆகையால் நீ யார் பக்கம் பேச வந்திருக்கிறாய் என்று அதிகாரி கேட்டார். நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன், இதில் எந்தப் பக்கம் தோற்றாலும் தாலி அறுவது அல்லது தம்பி போவது எனக்குத்தான் என்று சொன்னேன்.

எங்கள் வேலையில் மரம் வெட்டப் போகிறவன் தன் கோடாலியைத் தானே கொண்டுபோவது வழக்கம். மேஸ்திரி காட்டைக் காட்டுவார், கூலி கொடுப்பார், கோடாலி கொடுக்க மாட்டார். என் கணவர் வைத்திருந்த கோடாலி கீரனூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஆவுடையப்பன் அடித்துக் கொடுத்தது. அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே வாங்கியது. காம்பு மட்டும் பல தடவை மாற்றியிருக்கிறோம். இப்போது மரத்தை மெஷின் வாளால் அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். கோடாலிக்கு மிச்சமிருப்பது கிளை கழிக்கிற வேலையும், மெஷின் மரத்துக்குள் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் வெட்டி அதை விடுவிக்கிற வேலையும்தான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி எங்கள் எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னான். நானும் என் கணவரும் போனோம், கூட வேலை செய்யும் கண்ணுசாமி முதலானவர்களும் வந்திருந்தார்கள். வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. அதைப் பிரித்து ஆளுக்கு ஒரு கோடாலி கொடுத்தான். எல்லாம் ஒரே அச்சு, சிவப்புப் பெயின்ட் அடித்த மரக் காம்பு, பார்வைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குச் செல்போனில் பார்த்து வரவழைத்ததாகச் சொன்னான். ஆட்கள் கோடாலிக்கு வாய் அடித்துக் கூர் ஏற்றவும் காம்பு போடவும் என்று பட்டறைக்குப் போய் ஒரு நாள் வேலையை விடுவதால் லோடு நிற்கிறது, இனிமேல் கோடாலி என் பொறுப்பு என்றான். அதன் பிறகு என் கணவரைப் பார்த்து, "ஆவுடையப்பன்கிட்ட ஒன்னு அடிக்கிற காசுக்கு இது மூனு வரும் மச்சான். மொண்ணையாப் போனா தூக்கிப் போட்டுட்டு அடுத்தத எடுங்க. கவட்டக் கெளையக் கழிக்கிறதுக்கு என்னத்துக்கு அம்புட்டு ஒசந்த கோடாலி?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அங்கே யாரும் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டில் வெங்காயம் நறுக்குகிற கத்தி அன்னவாசல் சந்தையில் வண்டியில் வைத்துக் கூவி விற்றது, அது இன்றைக்கும் நன்றாக அறுக்கிறது. விலை குறைந்ததெல்லாம் மட்டம் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை, அப்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு என் தம்பி என் கணவரின் தோளில் கிடந்த பழைய கோடாலியை வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, "இந்த அரதப்பழச இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டுப் பேரிச்சம்பழம் வாங்கித் தின்னுங்க மச்சான்" என்று சொல்லிச் சுவரோரமாகப் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மூக்கைச் சொறிந்தார். அவர் பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர், ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூக்கைச் சொறிகிறவர். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோடாலியில்தான் நாங்கள் இவ்வளவு நாளும் கஞ்சி குடித்தோம். ஆகவே நான் என் தம்பியைப் பார்த்து, "ரொம்பத்தான் ஆடாதடா. இந்தக் கோடாலி ஒரு நா ஒன் மண்டையிலதாண்டா விழும், அப்பத்தான் ஒனக்குப் புத்தி வரும்" என்று சொன்னேன்.

இந்த வார்த்தையைச் சொன்னாயா இல்லையா என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். சபையில் வைத்துச் சொன்னதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கு என் தம்பி, "விழுந்தா நீதான்க்கா வந்து கட்டுப் போடணும்" என்று சொன்னான். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். வனிதாவும் சிரித்தாள். அதன் பிறகு அவள்தான் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வனிதா பொய்ப் புகார் கொடுத்ததாக நான் சொல்லவில்லை. நான் சொன்ன வார்த்தையை ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறாள். என் தம்பி திருப்பிச் சொன்னதையும் தான் சிரித்ததையும் விட்டுவிட்டாள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நாசமாகப் போக என்று திட்டிக்கொண்டே தட்டில் சோறு போடுகிறவர்கள்தான் நாங்கள். திட்டினதற்கெல்லாம் வழக்குப் போட்டால் குளத்தூர் தாலுகாவில் அடுப்பெரிக்க ஒரு பெண்பிள்ளை மிஞ்ச மாட்டாள் என்று சொன்னேன். அதிகாரி எழுத யோசித்தார். எழுதச் சொன்னேன்.

பழைய கோடாலியை நான் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். புதுக் கோடாலியை என் கணவர் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். அன்று சாயங்காலம் அதை எடுத்துப் போர் பைப்புக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தலைகீழாக, இரும்பு முங்குகிற மாதிரி ஊறப்போட்டேன். கோடாலி வைத்திருக்கிற வீட்டில் இது எல்லோரும் செய்கிறதுதான். நாளெல்லாம் வெயிலில் கிடந்தால் காம்பு சுருங்கி இரும்பு ஆடும், ஆடினால் வெட்டும்போது கழன்று யார் மேலாவது போகும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் கல்யாணமாகி வந்த நாளாக இதைச் செய்கிறேன். ஆகவே ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று சாயங்காலமும் புதுக் கோடாலியை ஊறப்போட்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என் கணவர் அதில்தான் கிளை கழித்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. பரவாயில்லையே, தம்பி சொன்னது சரிதான் போல என்று நானே அவரிடம் சொன்னேன்.

புதன்கிழமை காலை வழக்கம்போலக் காட்டுக்குப் போனோம். கண்ணுசாமி மெஷின் வாளால் ஒரு சாய்ந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். பாதி அறுத்த நிலையில் மரம் உட்கார்ந்து மெஷினைக் கடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அந்த மெஷின் என் தம்பி வாடகைக்கு எடுத்து வந்தது. ஆகையால் அவன் ரோட்டிலிருந்து ஓடி வந்து மெஷினின் பிடியைப் பிடித்துக்கொண்டு, என் கணவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் வெட்டி விடுவிக்கும்படி சொன்னான். என் கணவர், "தள்ளி நில்லு மாப்ள" என்று சொன்னார். அவன், "நான் புடிச்சுக்கிறேன், நீங்க மெஷின்ல படாம வெட்டுங்க" என்றான். இது எனக்குக் காதில் விழுந்தது. நான் பத்தடி தள்ளிக் கிளை இழுத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் முதலில் இரண்டு வெட்டு வெட்டினார், சில்லு தெறித்தது. அடுத்த வெட்டுக்கு மண்சட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது என் தம்பி மெஷின் மேலேயே குப்புற விழுந்து கிடந்தான். இடது காதுக்கு மேலே பிளந்து ரத்தம் கொட்டியது. கோடாலியில் காம்பு நுழைகிற துளையைச் சுற்றியிருந்த இரும்பு உடைந்து, வாய்ப் பக்கத்துத் துண்டு அவன் மேல் பாய்ந்திருந்தது. மிச்ச இரும்பு காம்போடு என் கணவர் கையிலேயே இருந்தது. நான் ஓடிப்போய் என் முந்தானையைக் கிழித்து அவன் தலையைச் சுற்றிக் கட்டினேன். அவன் சொன்னபடியே கட்டுப் போட்டது நான்தான். அதன் பிறகு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மடியில் அவன் தலை இருந்தது, வழி நெடுக என் வாய் வெந்துபோகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். என் கணவர் வண்டியில் ஏறவில்லை. அந்தக் காம்பைப் பிடித்தபடியே நின்றதாகவும், வெகுநேரம் கழித்து விரலைப் பிரித்து அதைத் தான் வாங்கி வைத்ததாகவும் கண்ணுசாமி பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை காலை வனிதா புகார் கொடுத்ததன் பேரில் போலீசார் என் கணவரை இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வனிதா வார்டு வாசலில் நின்று, "புருசன்கிட்டச் சொல்லி வெட்டச் சொல்லிட்டு இப்ப பாக்க வாறீங்களா மதினி? போயிருங்க" என்று சொன்னாள். நான் வாசலோடு வந்துவிட்டேன். திரும்புகிற வழியில் கீரனூர் ரோட்டில் இறங்கி ஆவுடையப்பன் பட்டறைக்குப் போனேன். அவர் பட்டறை வாசலிலும் அதே மாதிரி சிவப்புக் காம்புக் கோடாலிகள் வரிசையாகத் தொங்கின. நீங்களுமா என்று கேட்டேன். "கேக்குறாங்க ஆத்தா, தொங்கவிட்டிருக்கேன். நான் அடிக்கிறதும் உள்ள கெடக்கு, எது வேணுமோ எடுத்துக்கிறட்டும்" என்றார். நடந்ததைச் சொல்லி, புதுக் கோடாலி அப்படி எப்படி உடையும் என்று கேட்டேன். அவர் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்து, இது உருக்கி அச்சில் ஊற்றினது என்றார். "வெறகு ஒடைக்க, கவட்ட கழிக்க இது போதும். தண்ணியில மட்டும் போட்றாதீக. உள்ள காம்பு உப்புச்சுன்னா நான் அடிக்கிற இரும்பு கொஞ்சம் விட்டுக் குடுக்கும். இது விட்டுக் குடுக்காது, பொளந்துக்கும்" என்று சொன்னார்.

மூன்று சாயங்காலமும் நான் அதை ஊறப்போட்டதை அவரிடம் சொன்னேன். அங்கேயே கரி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார், வாங்கிக் கீழே வைத்தேன்.

இன்று அதிகாரி உடைந்த இரும்புத் துண்டை என்னிடம் காட்டி அடையாளம் கேட்டார். என் கணவர் வெட்டியது அதுதான். உடைந்த இடத்தில் ஒரு பாதி வெள்ளையாகவும் ஒரு பாதி துருவாகவும் இருக்கிறதே, அது என்ன என்று அவரே கேட்டார். வெள்ளை புதன்கிழமை உடைந்தது. துருப் பிடித்த பாதி அதற்கு முன்பே என் தொட்டியில் விரிசல் விட்டது. ஊறப்போடச் சொன்னது உன் கணவரா என்று கேட்கப்பட்டது. இல்லை. அவர் வேலையிலிருந்து வந்தால் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துவிடுவார். காலையில் கோடாலி இறுக்கமாக இருக்கும், எடுத்துக்கொண்டு போவார். ஊறப்போடுவது என் வேலை. கோடாலி கழன்று யாரையும் அடித்துவிடக் கூடாது என்றுதான் ஊறப்போட்டேன். இதற்கு ஏதாவது சட்டம் இருந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், அவரை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன்.

ஆவுடையப்பன் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டியில் வந்தது ஒரு கோடாலி இல்லை. எங்கள் ஊரில் அதை வாங்கிக்கொண்டு போன ஒவ்வொரு வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள், அவளும் ஊறப்போட்டுத்தான் இருப்பாள். லோடு அனுப்ப வேண்டியிருப்பதால் இன்று வேலை நடக்கிறது என்று தெரிந்தது. ஆகவே விடிந்ததும் நிலையத்துக்கு வராமல் முதலில் காட்டுக்குப் போனேன். கோடாலிகளைக் கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. கண்ணுசாமி, "இத வாங்கிட்டுப் போயிட்டா நாங்க பல்லால கடிச்சா வெட்டுறது? இன்னைக்குக் கூலிய நீ குடுப்பியா?" என்று கேட்டார். அவர் கோடாலியைப் பிடுங்கிக் காம்பு நுழைகிற இடத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அதில் தலைமுடி கிடக்கிற மாதிரி ஒரு கோடு இருந்தது. முடி என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. அதன் பிறகு எல்லோரும் கொடுத்தார்கள். என் கணவரின் பழைய கோடாலியை நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துப் போயிருந்தேன், அதைக் கண்ணுசாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கோடாலிகளை உரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். வாசலில் காவலர் அருள்தாஸ் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புருஷனை மீட்க ஆயுதத்தோடு வந்திருக்கிறாயா என்று கேட்டார். சாக்கு இப்போது மேஜைக்குக் கீழே இருக்கிறது. அதில் வேறு கோடாலிகளிலும் அந்தக் கோடு இருப்பதை அதிகாரி பார்த்தார்.

என் தம்பி நேற்று சாயங்காலம் கண் திறந்ததாகக் கேள்விப்பட்டேன். பேச்சு இன்னும் வரவில்லை. பேச்சு வந்தால் அவனே சொல்வான். வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. சொல்ல வேண்டும். சாக்கில் ஒன்று குறைகிறது. பெட்டியிலிருந்து ஒரு கோடாலியை என் தம்பி தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்தான். வனிதா அதில்தான் விறகு பிளக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக அவள் காலையில் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறாள் என்று தெருவில் சொன்னார்கள். வருகிற வழியில் நான் போய்க் கதவைத் தட்டினேன். என் குரல் கேட்டதும் உள்ளே தாழ் போட்டாள். ஜன்னல் பக்கம் நின்று அந்தக் கோடாலியைத் தொடாதே என்று சொன்னேன், அவள் ஜன்னலையும் சாத்திவிட்டாள். நான் மிரட்டுவதாக நினைத்திருப்பாள். கோடாலியைப் பற்றி நான் எது சொன்னாலும் இனி அவளுக்கு அது மிரட்டல்தான், அதில் அவள் மேல் குற்றம் இல்லை. ஆகவே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உடனே போய் அதை அவளிடமிருந்து வாங்கிவர வேண்டும். என் கணவரை விடுவதா வேண்டாமா என்பதை அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்தது மட்டும்தான் இதில் இருக்கிறது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) சொர்ணவல்லி

குறிப்பு: வாக்குமூலம் முடிந்தவுடன் காவலர் அருள்தாஸ் புங்கம்பட்டி மேலத்தெருவில் உள்ள உதயசூரியன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். புகார்தாரர் வனிதா கொல்லைப்புறம் சென்று சிவப்புக் காம்பு உள்ள கோடாலி ஒன்றை எடுத்துவந்து ஒப்படைத்தார். கொல்லையில் அது தண்ணீர் நிரம்பிய வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. கைப்பற்றியபோது காம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.